நரம்பெடுத்த பல் ஏன் வலிக்கிறது?

கேள்வி, 11.06.2024

இடது மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் பண்ணி எட்டு மாசம் ஆகுது. கேப்பும் போட்டாச்சு. சும்மா இருக்கும்போது ஒண்ணும் இல்லை. முறுக்கு, வறுத்த கடலை மாதிரி எதையாவது கடிச்சா உள்ளே சுரீர்னு பிடிக்குது. நரம்பையே எடுத்துட்டாங்கன்னா வலி எங்கேர்ந்து வரும்? டாக்டர் ஒழுங்கா பண்ணலை, காசை வாங்கிட்டு ஏமாத்திட்டாங்கன்னுதான் நினைக்கிறேன். பிடுங்கிப் போட்டுடலாம்னு இருக்கேன். யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

11.06.2024, இரவு 10.40

எனக்கு ஆகியிருக்கிறது. அதே பல், அதே பக்கம். பிடுங்காதீர்கள், பொறுங்கள்.

நான் பல் மருத்துவர் இல்லை. தஞ்சாவூர் பக்கம் ஒரு கிளினிக்கில் 2007 முதல் 2018 வரை உதவியாளராக நின்றவள். வேருக்குள் விட்டுச் சுரண்டும் மெல்லிய கம்பியான ஃபைலை எடுத்துக் கொடுத்து, உமிழ்நீர் உறிஞ்சும் குழாயைப் பிடித்து, எக்ஸ்ரே எடுத்த கை. அதனால் பார்த்ததையும் பட்டதையும் சொல்கிறேன். முடிவு உங்கள் மருத்துவரோடு.

ரூட் கெனாலில் எடுப்பது பல்லுக்குள் இருக்கும் கூழை. நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் சேர்ந்த சதை அது. அதை எடுத்துவிட்டால் பல்லுக்குச் சூடு தெரியாது, ஐஸ் தெரியாது. ஆனால் பல் எலும்பில் ஆணி அடித்த மாதிரி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வில் நரம்பு உண்டு, அதை யாரும் எடுப்பதில்லை. சாதத்தில் ஒரு சின்னக் கல் பட்டாலும் பல் உணர்கிறதே, அது இந்தச் சவ்வின் வேலைதான். கடித்தால் மட்டும் வலி என்றால் அந்தச் சவ்வோ வேர் நுனியைச் சுற்றிய எலும்போ புண்பட்டிருக்கிறது.

ஏன் புண்பட்டது என்பதுதான் கேள்வி. கேப் ஒரு மயிரிழை உயரமாக இருந்தாலே போதும், ஒவ்வொரு கடியும் அதன் மேல்தான் முதலில் விழும். நீல நிறக் கடி பேப்பரை வைத்துப் பார்த்து, உயரமான இடத்தைத் தேய்த்தால் ஐந்து நிமிட வேலை. முதலில் அதைக் கேளுங்கள். ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப் இல்லாமல் இருக்கவே கூடாது, எந்தப் பல்லாக இருந்தாலும் கேப் கட்டாயம். நீங்கள் போட்டது நல்லது.

12.06.2024, காலை

தூங்கி எழுந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது உங்கள் பல்தான். மேல் முதல் கடைவாய்ப் பல் என்று சொல்லியிருக்கிறீர்கள். கிளினிக்கில் அதை 26 என்போம். அதற்கு மூன்று வேர். கன்னத்துப் பக்கம் இரண்டு, அண்ணத்துப் பக்கம் ஒன்று. மூன்று வேர் என்றால் மூன்று கெனால், அதாவது கூழ் ஓடும் மூன்று நுண்குழாய், என்றுதான் தோன்றும். அங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள்.

கன்னத்துப் பக்க முன்வேர் தட்டையானது. அதில் பெரும்பாலும் இரண்டு கெனால் இருக்கும். 1969-ல் அமெரிக்காவில் ஃபிராங்க் வைன் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்தப் பற்கள் 208 எடுத்து, அந்த ஒரு வேரை அறுத்துப் பார்த்தார்கள். பாதிக்குச் சற்று மேலான பற்களில் இரண்டாவது கெனால் இருந்தது. பிறகு மைக்ரோஸ்கோப் வைத்துத் தேடியவர்கள் இன்னும் அதிகமாகக் கண்டார்கள். கிளினிக்கில் அதற்குப் பெயர் எம்.பி.2. அதன் வாய் ஒரு சின்னத் திண்ணை மாதிரியான பல்பொருளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். உள்ளே நுழைந்ததும் நேராக இறங்காமல் முதலில் முன்பக்கம் சாய்ந்து, பிறகுதான் கீழே வளையும். 10ம் நம்பர் ஃபைலின் நுனி 0.10 மி.மீ. அதுவே சில சமயம் போகாது, 8ம் நம்பர், 6ம் நம்பர் என்று இறங்கிப் போக வேண்டும். வயது ஏற ஏற உள்ளே சுண்ணாம்பு படிந்து வாய் இன்னும் சுருங்கும்.

என் பல்லுக்கு 2016-ல் நான் வேலை பார்த்த இடத்திலேயே செய்தார்கள். மூன்று கெனால் கண்டார்கள், மூன்றையும் அழகாக அடைத்தார்கள். எக்ஸ்ரேயில் மூன்று வெள்ளைக் கோடு, பார்க்கவே திருப்தியாக இருந்தது. 2019-ல் இடது கன்னம் பாரமாக இருக்க ஆரம்பித்தது. குனிந்து கோலம் போட்டால் கண்ணுக்குக் கீழே கனக்கும். மூக்கிலிருந்து ஒரு பக்கம் மட்டும் கெட்ட வாடையோடு சளி. சைனஸ் என்று மாத்திரை, ஆவி, மறுபடி மாத்திரை. பத்து மாதம் போனது. பல்லில் வலியே இல்லாததால் பல்லை யாரும் நினைக்கவில்லை. நானும்தான்.

கடைசியில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் கேட்டார்: "ஒரே பக்கம்தானே? மேல் பல்லில் எதாவது வேலை நடந்ததா?" சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மேல் கடைவாய் வேர்களுக்கும் சைனஸ் பைக்கும் நடுவே சிலருக்கு எலும்பு தாள் கனம்தான் இருக்கும். என் முன்வேர் நுனியில் எலும்பு கரைந்து, அதற்கு மேலே சைனஸின் அடித்தோல் வீங்கி நின்றது. அந்த வேரின் குறுக்குவெட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி, அது அடைத்த கெனால். அதற்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. மூன்று வருஷமாக யாரும் தொடாத கெனால்.

சென்னையில் மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்யும் எண்டோடான்டிஸ்ட், அதாவது ரூட் கெனால் நிபுணர், ஒருவரிடம் போனேன். கேப்பைத் துளைத்துத் திறந்து, அந்தத் திண்ணையைச் சீவி, அரை மணி நேரம் தேடினார். ஃபைல் உள்ளே விழுந்தபோது "கிடைச்சிருச்சு" என்று மெல்லச் சொன்னார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. கன்னத்து பாரம் ஒரு மாதத்தில் போனது.

உங்களுக்கும் இதுதான் என்று சொல்லவில்லை. பார்க்க வேண்டும் என்கிறேன்.

13.06.2024

கடி பேப்பர் வைத்துப் பார்த்தார்கள், உயரம் சரி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அடுத்து எக்ஸ்ரேயை இரண்டு கோணத்தில் எடுக்கச் சொல்லுங்கள். நேராக ஒன்று, சற்றுப் பக்கவாட்டில் சாய்த்து ஒன்று. ஒன்றின் பின் ஒன்று மறைந்து நிற்கும் கெனால்கள் அப்போதுதான் பிரிந்து தெரியும். அதிலும் தெளியாவிட்டால் ஸ்கேன்.

பல்லைச் சுற்றி ஈறை அளக்கும் கம்பியால் அளக்கவும் சொல்லுங்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கம்பி ஆழமாக இறங்கினால் வேர் நெடுக விரிசல் விட்டிருக்கலாம். அப்படி விரிந்த கடைவாய் வேரைக் காப்பாற்றுவது கஷ்டம். அது இல்லாதவரை பல்லுக்கு இன்னும் வழி இருக்கிறது.

19.06.2024

"ஊசி போட்டும் மரத்துப் போகலை, உயிரோட கிழிச்ச மாதிரி இருந்தது, அந்த டாக்டருக்கு ஊசி போடத் தெரியலை" என்று ஓர் அம்மா மேலே எழுதியிருக்கிறார். அவர் வேதனை உண்மை. காரணம் மட்டும் வேறாக இருக்கலாம்.

ராத்திரி முழுக்கத் துடித்துவிட்டு காலையில் ஓடி வருகிற கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு எங்கள் கிளினிக்கில் "ஹாட் டூத்" என்று பெயர். தாடைக்குப் பின்னால் போடும் ஊசியில் உதடு மரத்துவிடும், நாக்கு மரத்துவிடும், பல் மட்டும் மரக்காது. வீங்கிக் கொதித்துக் கிடக்கும் கூழின் நரம்பு சாதாரண நரம்பு போல மருந்துக்கு அடங்குவதில்லை. உதடு மரத்துப் போனதை வைத்துத் தொடங்கினால் இப்படித்தான் ஆகும். ஐஸ் வைத்துப் பார்த்துவிட்டு, தெரிகிறது என்றால் கன்னத்துப் பக்கம் ஆர்ட்டிகெய்ன் என்ற மரப்பு மருந்து, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒன்று, கடைசி வழியாகக் கூழுக்குள்ளேயே ஒன்று என்று கூடுதல் ஊசிகள் உண்டு. கையைத் தூக்கினால் நிறுத்துவேன் என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும். நான் நின்ற நாற்காலியில் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ராத்திரி வலிக்கு ஈறில் கிராம்பை அழுத்தி வைத்துக்கொண்டு தூங்கிவிடுகிறோம். கிராம்பு எண்ணெயின் யூஜினால் பல் மருத்துவத்திலேயே பயன்படுவதுதான், ஆனால் ஈறில் நேரே பட்டால் வெந்து வெள்ளையாக உரியும். அதைவிட மோசம் வீங்கின கன்னத்துக்கு வெளியே வெந்நீர் ஒத்தடம். சீழ் தோல் பக்கமாக உடைக்கப் பார்க்கும். ஒத்தடமே வேண்டாம், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாய்க்குள் வைத்துக் கொப்பளியுங்கள். தாடைக்குக் கீழே வீக்கம் இறங்கி, விழுங்க முடியாமல், காய்ச்சலும் சேர்ந்தால் பல் கிளினிக் எப்போது திறக்கும் என்று காத்திருக்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சுக்கே ஆபத்து.

02.07.2024

ஒருவர் எக்ஸ்ரே போட்டு "வேருக்குள்ளே வெள்ளையா ஊசி மாதிரி தெரியுது, இது என்ன?" என்று கேட்டிருக்கிறார். அடைப்புப் பொருளைவிடப் பளீரென்று, மெல்லிய திருகு போல இருக்கிறது. உடைந்த ஃபைல் நுனியாக இருக்கலாம். உங்கள் மருத்துவரிடம் நேரே கேளுங்கள்.

1988-க்கு முன் எல்லா ஃபைலும் ஸ்டீல். அந்த வருஷம்தான் பல் கட்டும் கம்பியிலிருந்து நிக்கல் டைட்டானியம் ஃபைலைச் செய்து பார்த்தார்கள். அது வளைந்த கெனாலில் பாம்பு போல வளைந்து போகும். மோட்டாரில் மாட்டினால் நிமிஷத்துக்கு முந்நூறு சுற்று. வளைவில் நின்று சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் இழுபட்டு மறுபக்கம் நசுங்கும். வேலிக் கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடிப்போமே, அதுதான் உள்ளே நடப்பது. இல்லையென்றால் நுனி மாட்டிக்கொள்ளும், மேல்பகுதி சுற்றிக்கொண்டே இருக்கும், முறுக்கிக்கொண்டு போய்விடும். ஸ்டீல் ஃபைல் உடையுமுன் திருகு பிரிந்து கண்ணுக்குத் தெரியும். இது சொல்லாமல் உடையும்.

உடைந்ததை எடுத்தே ஆக வேண்டும். விட்டால் உள்ளே துருப்பிடித்துப் புண்ணாகும்.

05.07.2024

மேலே கடைசி இரண்டு வரி தப்பு. அவசரத்தில் பழைய பேச்சை எழுதிவிட்டேன். என் பழைய சகா ஒருவர், இப்போது எண்டோடான்டிக்ஸ் மேல்படிப்பு முடித்தவர், படித்துவிட்டுப் போன் செய்தார். திருத்துகிறேன்.

அந்த உலோகத் துண்டு துருப்பிடிப்பதில்லை, அதுவாகப் புண் உண்டாக்குவதும் இல்லை. கேள்வி, அதற்குக் கீழே கிருமி மிச்சம் இருக்கிறதா என்பதுதான். கெனாலைச் சுத்தம் செய்து முடிக்கும் தறுவாயில் நுனியில் உடைந்திருந்தால் அதையே அடைப்பின் ஒரு பகுதியாக விட்டு, மேலே நன்றாக மூடி, வருஷாவருஷம் படம் எடுத்துப் பார்க்கலாம். வேர் நுனியில் ஏற்கெனவே சீழ்க்கட்டி இருந்து, தொடக்கத்திலேயே உடைந்து வழியை அடைத்திருந்தால்தான் கவலை. அப்போதும் முதலில் பக்கத்தில் 8ம் நம்பர் ஃபைலைச் செருகித் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். எடுப்பதென்றால் அல்ட்ராசோனிக் முனையால் சுற்றிலும் வேரைக் குடைந்து தளர்த்த வேண்டும். அதில் வேர் மெலியும், மெலிந்த வேர் பின்னால் விரியும். எடுப்பதால் வரும் கேடு விடுவதால் வரும் கேட்டைவிடப் பெரிதாகிவிடக் கூடாது. கடைசி வழியாக ஈறைத் திறந்து வேர் நுனியையே வெட்டி, அடியிலிருந்து அடைப்பார்கள்.

படம் போட்டவர் இரண்டு நாள் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். என்னால்தான். மன்னியுங்கள்.

07.07.2024

கிருமிதான் எல்லாம் என்பதற்கு ஒரு சோதனை சொல்கிறேன், இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 1965-ல் ககெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மூவர் எலிகளின் பல்லைத் துளைத்துக் கூழைத் திறந்து விட்டார்கள். சாதாரண எலிகளுக்கு அழுகி, சீழ் கட்டியது. பிறந்தது முதல் கிருமியே இல்லாத அறையில் வளர்ந்த எலிகளுக்கு, திறந்த கூழில் தீனி அடைத்துக்கொண்டபோதும், அழுகவில்லை. ஓட்டை பல்பொருளால் தானே மூடிக்கொள்ளத் தொடங்கியது.

அதனால்தான் பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் கட்டுவது. நியூயார்க்கில் பார்னம் என்ற மருத்துவர் 1864-ல் கொண்டுவந்தது. உமிழ்நீர் உள்ளே போகாது, மருந்து தொண்டைக்கு இறங்காது, ஃபைல் கைதவறினால் விழுங்கிவிட மாட்டோம். நாங்கள் எல்லாருக்கும் கட்டியதில்லை. நேரம் ஆகும், ஆட்கள் மூச்சு முட்டுகிறது என்பார்கள், கூட்டம் காத்திருக்கும். இப்போது நினைத்தால் அந்தக் காரணம் ஒன்றுகூட நிற்காது. கட்டச் சொல்லிக் கேளுங்கள்.

21.07.2024

"ஹைப்போ லீக் ஆகி என் தங்கச்சி முகம் பூசணிக்காய் ஆயிடுச்சு" என்று எழுதியவருக்கு.

நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். மேல் முன்கடைவாய், இருபத்தைந்து வயதுப் பெண், கல்யாணத்துக்கு மூன்று வாரம். கெனாலைக் கழுவுவது சோடியம் ஹைப்போகுளோரைட்டால். துணி வெளுக்கும் சரக்கேதான். முதல் உலகப் போரில் டேக்கின் என்ற வேதியியலர் போர்க் காயம் கழுவ 0.5 சதவீதத்தில் பயன்படுத்தியது. பல்லுக்கு 5.25 சதவீதம் வரை போவார்கள். செத்த சதையைக் கரைப்பது அதன் குணம். உயிருள்ள சதையையும் அப்படித்தான் கரைக்கும்.

ஊசிமுனை கெனாலில் இறுகி உட்கார்ந்திருந்தது, கட்டைவிரல் அழுத்தியது. அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். மரத்துப் போன பல்லிலிருந்து அப்படி ஓர் அலறல். கெனாலிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணுக்குக் கீழே உப்பியது, மாலைக்குள் கண் மூடிவிட்டது. மருத்துவர் உடனே நிறுத்தினார், சலைனால் கழுவினார், ஐஸ் வைக்கச் சொன்னார், வலி மாத்திரை, கிருமி மாத்திரை கொடுத்தார். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான ஒத்தடம். ஒரு வாரம் தினமும் அவரே அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். நடந்தது என்ன என்று அவள் அப்பாவிடம் அன்றைக்கே உட்கார வைத்துச் சொன்னார். கன்னம் ஊதா, பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி, இரண்டு வாரத்தில் வடிந்தது. கல்யாணப் பத்திரிகை எங்களுக்கும் வந்தது.

பக்கவாட்டில் துளை உள்ள ஊசி, வேர் நுனிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்துவது, ஊசியை ஆட்டிக்கொண்டே மெதுவாக விடுவது. இந்த மூன்றும் இருந்தால் அநேகமாக நடக்காது. உங்கள் தங்கைக்கு வீக்கம் வடிந்தாலும் உதட்டிலோ கன்னத்திலோ மரப்பு மிச்சம் இருந்தால் பல், முக அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

22.07.2024

ஒத்தடம் வேண்டாம் என்று 19.06 அன்று எழுதிவிட்டு இங்கே ஒத்தடம் என்கிறேனே என்று ஒருவர் சரியாகப் பிடித்தார். அது சீழ் வீக்கம். இது மருந்து பட்ட வீக்கம், உள்ளே ரத்தம் கட்டியது. முதல் நாள் குளிர்ச்சி, அப்புறம் வெதுவெதுப்பு, அதுவும் மருத்துவர் சொன்னால் மட்டும்.

04.08.2024

பேச்சு பாக்குக்குப் போயிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பாக்கும் புகையிலையும் அடக்கி அடக்கி, கன்னத்து உள்தோல் நார் பிடித்துப் போனவர்கள் எங்களிடம் நிறைய வருவார்கள். வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காது. கடைசிப் பல்லுக்கு டிரில் தலையே நுழையாது, நுழைந்தால் ஃபைல் நிமிராது. மருத்துவர்கள் கையை ஒடித்துக்கொண்டு வேலை செய்வார்கள்.

என் சித்தப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கப் பல் சொத்தையானபோது வீட்டில் எல்லாரும் "பிடுங்கிடுங்க, இதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு" என்றார்கள். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப் போகலாம். அப்படிப்பட்டவர்களுக்கு எவ்வளவு கஷ்டமானாலும் ரூட் கெனால்தான் முதலில். பாதி திறந்த வாயில் ஆறு தடவை உட்கார வைத்து முடித்தார்கள். எலும்பைக் காக்க ஊசி போட்டுக்கொள்ளும் புற்றுநோய்க்காரர்களும் பிடுங்குமுன் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

செலவு என்று வந்ததால்: சென்னையிலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வரிசையில் நிற்க வேண்டும், பல நாள் போக வேண்டும். ஆனால் அவசரப்பட மாட்டார்கள்.

05.08.2024

ரூட் கெனால் செய்தால் புற்றுநோய் வரும் என்ற வாட்ஸ்அப் செய்தியைத் தயவுசெய்து இங்கே போடாதீர்கள். 1910-ல் மாண்ட்ரியலில் வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் பேசிய பேச்சும், 1920-களில் வெஸ்டன் பிரைஸ் செய்த முயல் சோதனைகளும்தான் அதற்கு வேர். அதை நம்பி அந்தக் காலத்தில் நல்ல பற்களைக் கூடை கூடையாகப் பிடுங்கினார்கள். பின்னால் வந்தவர்கள் அதே சோதனைகளை ஒழுங்காகச் செய்தபோது அந்த முடிவு வரவில்லை. இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு என் பக்கத்து வீட்டம்மா நல்ல பல் இரண்டை எடுத்துவிட்டார். கோபம் வருகிறது.

18.08.2024, இரவு

கேள்வி கேட்ட தம்பி ஸ்கேன் முடிவைப் போட்டிருக்கிறார். முன்வேரில் ஒரு கெனால் அடைபடவில்லை. நுனியில் சின்ன நிழல். எம்.பி.2.

"அப்போ நான் சொன்னது சரிதானே, ஏமாத்தினாங்கதானே?" என்று கேட்கிறார்.

கெனால் கிடைக்காமல் போவது ஏமாற்று இல்லை. தேடியும் கிடைக்காத கெனால்கள் உண்டு. தேடினேன், கிடைக்கவில்லை, வலித்தால் வா என்று சொல்லியிருந்தால் நீங்கள் எட்டு மாதம் இப்படி எரிந்திருக்க மாட்டீர்கள். அவ்வளவுதான் நினைக்கிறேன். இன்னும் ஏதோ எழுத வேண்டும், இப்போது முடியவில்லை.

25.08.2024

அன்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

2013, ஐப்பசி அடைமழை. ஒரு விவசாயி, அறுபது வயதுக்கு மேல். கீழ் வலது கடைவாய். மோட்டாரில் சிவப்பு வளையம் போட்ட 25ம் நம்பர் ஃபைல். "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். வெளியே வந்த ஃபைல் குட்டையாக இருந்தது. மருத்துவர் என்னைப் பார்த்தார், நான் எக்ஸ்ரே எடுத்தேன். வேரின் நடுவில் நாலு மில்லிமீட்டர் துண்டு. கணினித் திரையை அவர் சுவர்ப் பக்கம் திருப்பினார். துண்டுக்கு மேலே வரைக்கும் அடைத்தார். "முடிஞ்சது ஐயா." பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். கார்டில் "ரூட் கெனால் முடிந்தது" என்று எழுதியது என் கை. எனக்குத் தெரிந்தும் எழுதினேன்.

ஹைப்போ பட்ட பெண்ணின் வீட்டுக்குத் தினமும் போனாரே, அதே மருத்துவர்தான். முகத்தில் தெரிவதை மறைக்க முடியாது, வேருக்குள் இருப்பதை மறைக்கலாம். அவர் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பெரியவர் திரும்பி வரவில்லை. ஒருவேளை அந்தப் பல் இன்றுவரை சும்மா இருக்கலாம். வீங்கியிருந்தால், எதனால் என்று தெரியாத ஒரு மருத்துவரிடம் அவர் போயிருப்பார்.

தம்பி, உங்கள் முதல் கேள்வியில் இருந்த "ஏமாத்திட்டாங்க" என்ற சொல்லோடு ஜூனிலிருந்து நான் வாதாடிக்கொண்டிருக்கிறேன். ஃபைல் உடைவது ஏமாற்று இல்லை. திரையைத் திருப்பியது ஏமாற்றுதான். நான் அப்போது நாற்காலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

26.08.2024

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. ஆறுதலுக்காக எழுதவில்லை. சிகிச்சை முடிந்ததும் கடைசி எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லி, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை கெனால் அடைத்தார்கள் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த மருத்துவருக்கு அதுதான் வழிகாட்டி.

14.09.2024

அம்மாவைப் பற்றி. எழுபத்தோரு வயது, இருபது வருஷச் சர்க்கரை. போன செப்டம்பரில் கீழ் கடைவாய்க்கு ரூட் கெனால். வேர் நுனியில் ஏற்கெனவே கறுப்பு நிழல். வளைந்த கெனாலில் ஃபைல் நுனி இரண்டு மில்லிமீட்டர் உடைந்தது. அந்த மருத்துவர், சின்னப் பெண், முப்பது வயது இருக்கும், கையுறையைக் கழற்றிவிட்டு அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். "பாட்டி, கம்பி நுனி உள்ளே உடைஞ்சிருச்சு. இதோ பாருங்க, இந்த வெள்ளைக் கோடு. பக்கத்தில் வழி பண்ணிப் பார்க்கறேன். ஆறு மாசத்துக்கு ஒருதடவை படம் எடுப்போம். ஆறலைன்னா நுனியை வெட்டணும், அதுக்கு நானே அனுப்பறேன்." எல்லாவற்றையும் தமிழிலேயே சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அம்மா பயப்படவே இல்லை. "சொல்லிட்டா, அப்புறம் என்ன" என்றார். அந்தச் சீட்டு ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது.

நேற்று ஒரு வருஷப் படம். நிழல் பாதியாகச் சுருங்கியிருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு எலும்பு மெதுவாகத்தான் ஆறும், முழுதாக மறைய நாலு வருஷம்கூட ஆகலாம் என்றார்.

20.09.2024

இன்னொரு திருத்தம், முதல் நாள் எழுதியதில். எந்தப் பல்லாக இருந்தாலும் கேப் கட்டாயம் என்றேன். கடைவாய்ப் பல்லுக்குத்தான் அது. முன்பல்லில் ஓட்டை சின்னதாக இருந்து பக்கச்சுவர் நன்றாக இருந்தால் வெறும் அடைப்பே போதும், கேப்புக்காக நல்ல பல்லைச் சீவ வேண்டியதில்லை. ஒரு காலேஜ் பெண் என் வரியை நம்பி கேப்புக்குப் பணம் சேர்ப்பதாக எழுதியிருந்தார். இதைப் படிக்க வேண்டும்.

11.11.2024

தம்பிக்கு மறுசிகிச்சை முடிந்தது. கேப்பைக் கழற்றினார்கள், பழைய அடைப்பான கட்டா-பெர்ச்சாவை எடுத்தார்கள், நாலாவது கெனால் கிடைத்தது. எக்ஸ்ரே போட்டிருக்கிறார், நாலு கோடு தெளிவாகத் தெரிகிறது. முன்பு செய்த மருத்துவரிடமும் போய்ப் படத்தைக் காட்டினாராம். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான் தேடலை, தேடியிருக்கணும்" என்றாராம். புதுக் கேப்புக்கு ஆகும் செலவைத் தானே ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன்.

கட்டா-பெர்ச்சா என்றால் என்ன என்று யாரோ கேட்டிருந்தீர்கள். மலாய் நாட்டுக் காட்டு மரம் ஒன்றின் பால். ரப்பருக்கு அண்ணன் தம்பி மாதிரி. 1851-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு இதுதான் மேலுறை. கடலுக்கடியில் கெடாதது பல்லுக்குள்ளும் கெடுவதில்லை. தேவைப்பட்டால் இளக்கி வெளியே எடுக்கவும் முடியும். அதனால்தான் உங்களுக்கு மறுபடி திறக்க முடிந்தது.

12.01.2025

தம்பி, தற்காலிக கேப்தான் இன்னும் இருக்கிறது என்கிறீர்கள், நாளை மறுநாள் பொங்கல். கரும்பை இந்த வருஷம் பல்லால் உரிக்காதீர்கள். துண்டு போட்டு வலது பக்கம் மெல்லுங்கள். நிரந்தரக் கேப் போட்ட பிறகு மே மாதம் ஆறு மாதப் படம் வரும். அதையும் ஸ்கேனில் இருந்த பழைய நிழலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இங்கே போடுங்கள். அம்மாவுக்கு அடுத்த படம் மார்ச்சில், அதை நான் போடுகிறேன்.